நுண்துளை அறுவை மருத்துவப் பயிற்சி: தடைகளின் வரலாறு

நுண்துளை அறுவை மருத்துவம் என்பது உடலைப் பெரிதாக வெட்டித் திறக்காமல், அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை அளவுள்ள சில துளைகள் வழியே நோக்குக்குழாயையும் நீண்ட மெல்லிய கருவிகளையும் செலுத்தி, திரையில் தெரியும் காட்சியைப் பார்த்தபடியே செய்யப்படும் அறுவை முறையாகும். வயிற்றில் செய்யப்படும்போது இது லேப்ராஸ்கோப்பி என்று அழைக்கப்படுகிறது. பித்தப்பை நீக்கம், குடல்வால் நீக்கம், குடலிறக்கச் சீரமைப்பு, கருப்பை நீக்கம் எனப் பல சிகிச்சைகள் இன்று இம்முறையில் நடக்கின்றன. தழும்பு சிறியது, வலி குறைவு, சில நாள்களில் வீடு திரும்பலாம் என்பதால் நோயாளிகள் இதை விரும்பினர்.

இம்முறை பரவிய வேகமும் அதைச் செய்யக் கற்றுக்கொண்ட வேகமும் ஒன்றாக இருக்கவில்லை. 1980களின் இறுதியில் பித்தப்பை அறுவையில் தொடங்கிய அந்த இடைவெளிக்கு நோயாளிகள் விலை கொடுத்தார்கள். அறுவை மருத்துவர்களுக்கு எப்படிப் பயிற்சி அளிப்பது என்ற பழைய கேள்வி புதிதாக எழுந்ததும் அந்த இடைவெளியினால்தான்.

நோக்குக்குழாயின் முன்கதை

வயிற்றைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடந்தது. 1901இல் ஹாம்பர்க் நகரில் கூடிய ஜெர்மானிய இயற்கை அறிவியலாளர், மருத்துவர் மாநாட்டில் கியோர்க் கெல்லிங் என்ற மருத்துவர், ஒரு நாயின் வயிற்றுக்குள் காற்றைச் செலுத்தி, சிறுநீர்ப்பையைப் பார்க்கப் பயன்பட்ட நோக்குக்குழாயால் அதன் உள்ளுறுப்புகளைக் காட்டினார். 1910இல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஜாக்கோபேயஸ் மனிதர்களிடம் இதைச் செய்து கட்டுரை வெளியிட்டார். 1930களில் ஹங்கேரியின் யானோஸ் வெரஸ், காசநோய் சிகிச்சைக்காக மார்புக்கூட்டுக்குள் காற்றைச் செலுத்த ஓர் ஊசியை வடிவமைத்தார். சுருள்வில் பொருத்திய அந்த ஊசிதான் இன்று வயிற்றுக்குள் வாயு செலுத்தப் பயன்படுகிறது. அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது.

பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹெரால்டு ஹாப்கின்ஸ் 1959இல் காப்புரிமை கோரிய தண்டு வில்லை அமைப்பும், ஜெர்மனியின் கார்ல் ஸ்டார்ஸ் நிறுவனம் அதைக் கருவியாக்கியதும் காட்சியைத் தெளிவாக்கின. ஆனாலும் குழாயின் முனையில் ஒரு கண்தான் வைக்க முடியும். மருத்துவர் குனிந்து பார்ப்பார்; உடன் நிற்கும் உதவியாளருக்கும் மாணவருக்கும் எதுவும் தெரியாது. காட்சியை இரண்டாகப் பிரித்து இன்னொருவருக்கும் காட்டும் துணைக்கருவி இருந்தது; அது வெளிச்சத்தையும் பிரித்துவிட்டதால் இருவருக்குமே மங்கலாகத் தெரிந்தது. ஒருவர் மட்டுமே பார்க்கக்கூடிய வேலையை மற்றவருக்குக் கற்பிப்பது இயலாத காரியம். நோய் கண்டறிவதற்கும் கருக்குழாய்களை அடைப்பதற்கும் மேலாக இம்முறை நீண்ட காலம் வளராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1980களில் சிறிய மின்னணு ஒளிப்படக் கருவி குழாயின் முனையில் பொருத்தப்பட்டதும் நிலைமை மாறியது. அறையில் உள்ள அனைவரும் ஒரே காட்சியைத் திரையில் பார்த்தார்கள். உதவியாளர் கருவியைப் பிடித்து ஒத்துழைக்க முடிந்தது. காட்சியைப் பதிவு செய்து வேறு நாட்டில் இருப்பவருக்கும் காட்ட முடிந்தது.

கீல், பாப்லிங்கன்

லேப்ராஸ்கோப்பியில் கைதேர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் மகப்பேறு மருத்துவர்களே. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய குர்ட் செம் அவர்களில் முதன்மையானவர். வாயு அழுத்தத்தைத் தானே சீர்செய்யும் கருவி, உள்ளேயே முடிச்சிடும் முறைகள், பயிற்சி பெறுவதற்கான 'பெல்வி டிரெய்னர்' என்ற பெட்டி ஆகியவை அவர் உருவாக்கியவை. 1980இல் அவர் லேப்ராஸ்கோப்பி வழியாகவே ஒரு குடல்வாலை நீக்கினார்.

பாராட்டுக்குப் பதிலாகக் கண்டனமே வந்தது. குடல்வால் என்பது பொது அறுவை மருத்துவர்களின் எல்லை. அதற்குள் ஒரு மகப்பேறு மருத்துவர் நுழைந்ததும், வெட்டித் திறந்து செய்ய வேண்டியதைத் துளை வழியே செய்ததும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அவரது மருத்துவப் பணியை இடைநிறுத்த வேண்டும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்கத்தின் தலைவர் எழுதினார். அதற்கும் முன்பே, 1970இல் கீல் துறைத் தலைவராக அவர் பொறுப்பேற்றபோது, இத்தகைய அறுவையில் ஈடுபடுபவருக்கு மூளையில் ஏதேனும் கோளாறு இருக்கக்கூடும் என்று கருதிய உடன்பணியாளர்கள், அவரைத் தலையைப் படமெடுத்துப் பார்க்கச் சொன்ன கதையும் வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளது.

செம்மின் வேலையைக் கண்டு உற்சாகம் பெற்றவர் பாப்லிங்கன் என்ற சிறு நகரின் மருத்துவமனையில் இருந்த எரிக் முயே. தாமே வடிவமைத்த 'கேலோஸ்கோப்' என்ற கருவியைக் கொண்டு 1985 செப்டம்பர் 12ஆம் நாள் உலகின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை நீக்கத்தைச் செய்தார். 1986இல் ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்க மாநாட்டில் அவர் இதை விளக்கியபோது அவையினர் நம்பவில்லை. 'மிக்கி மவுஸ் அறுவை' என்ற கேலியே மிஞ்சியது. பெரிய அறுவை மருத்துவர் பெரிய வெட்டே போடுவார் என்பது அக்காலத்தில் அத்துறையில் புழங்கிய சொலவடை. வெட்டு பெரிதாக இருந்தால்தான் உறுப்புகளைக் கண்ணால் கண்டு கையால் தொட்டு உறுதிசெய்ய முடியும் என்பது அதன் உட்பொருள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பின்னர் நடந்தவை அதைக் காட்டின. அதே சங்கம் 1992இல் முயேக்கு விருது அளித்தது.

பயிற்சியின் வரலாற்றில் இந்த எதிர்ப்புக்கு ஒரு விளைவு உண்டு. பல்கலைக்கழக மருத்துவமனைகள் இம்முறையை ஏற்காததால் கற்பிக்கும் பொறுப்பும் அவற்றின் கையை விட்டுப் போனது. வழக்கமாகப் புதிய அறுவை முறை பெரிய கல்லூரிகளில் பிறந்து, அங்கே படித்தவர்கள் வழியாகச் சிறு ஊர்களுக்குச் செல்லும். இங்கே நடந்தது தலைகீழ். சிறு நகர மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் இருந்தவர்கள் முதலில் கற்றார்கள். பேராசிரியர்கள் பின்னால் வந்து அவர்களிடம் கற்க வேண்டியிருந்தது.

வார இறுதி வகுப்புகள்

1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே ஒளிப்படக் கருவியின் துணையுடன் பித்தப்பையை நீக்கினார். பாரிசில் பிரான்சுவா துபுவாவும் போர்டோவில் ஜாக் பெரிசாவும் தொடர்ந்தனர். 1988இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பேரி மெக்கெர்னனும் வில்லியம் சேயும், அதே காலத்தில் நாஷ்வில்லில் எட்டி ஜோ ரெட்டிக்கும் டக்ளஸ் ஓல்சனும் இதைத் தொடங்கினர். 1989 ஏப்ரலில் லூயிவில் நகரில் நடந்த அமெரிக்க உள்நோக்கு அறுவை மருத்துவர் மாநாட்டில் பெரிசா காட்டிய காணொளி பலரைத் திகைக்க வைத்தது. பார்த்தவர்கள் ஊருக்குத் திரும்பியதும் இதைக் கற்க வழி தேடினார்கள்.

வழி எளிதாகவே கிடைத்தது. இரண்டு மூன்று நாள் நடக்கும் வகுப்புகள் நாடெங்கும் முளைத்தன. காலையில் விரிவுரை, பிற்பகலில் மயக்கமூட்டப்பட்ட பன்றியின் பித்தப்பையை நீக்கிப் பழகுதல், முடிவில் ஒரு சான்றிதழ். கருவி நிறுவனங்கள் இவ்வகுப்புகளுக்கு ஆதரவு தந்தன. படித்து முடிப்பவர் தங்கள் கவ்விகளையும் கிளிப்புகளையும் வாங்குவார் என்பது அவற்றின் கணக்கு. திங்கட்கிழமை தம் மருத்துவமனைக்குத் திரும்பிய மருத்துவர், முதல் நோயாளியை மேசையில் படுக்க வைத்தார்.

பன்றியின் பித்தப்பை நலமான உறுப்பு. மனிதர்களுக்கு அறுவை தேவைப்படுவதோ கல் அடைத்து, வீங்கி, சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொண்ட பித்தப்பைக்கு. நலமானதில் பழகிய கை நோயுற்றதில் தடுமாறியது.

மருத்துவர்கள் அவசரப்பட்டதற்குப் பேராசை மட்டும் காரணம் என்று சொல்வது பொருந்தாது. நோயாளிகளே கேட்டு வந்தார்கள். பித்தப்பை நீக்கம் பொது அறுவை மருத்துவர்களின் அன்றாட வேலை. பக்கத்துத் தெருவில் இருப்பவர் சிறு துளையில் செய்யும்போது பெரிதாக வெட்டுபவரிடம் யாரும் வரமாட்டார்கள். கற்காவிட்டால் தொழில் போய்விடும் என்ற அச்சம் நடுவயதைத் தாண்டிய மருத்துவர்களையும் மீண்டும் மாணவர்களாக்கியது. 1992 செப்டம்பரில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாட்டின்போதே அந்நாட்டில் நடந்த பித்தப்பை நீக்கங்களில் சுமார் 80 சதவீதம் லேப்ராஸ்கோப்பி முறைக்கு மாறியிருந்தன. மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரு துறை முழுவதும் தன் அடிப்படை வேலைகளில் ஒன்றை மாற்றிக்கொண்டது. அதுவும் பழைய முறையோடு ஒப்பிடும் பெரிய ஆய்வுகள் நடக்கும் முன்பே.

பித்தநாளக் காயம்

பித்தப்பையை நீக்கும்போது வெட்ட வேண்டியவை அதனோடு இணைந்த சிறு நாளமும் ஒரு தமனியும் மட்டுமே. அருகிலேயே கல்லீரலில் இருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம் ஓடுகிறது. அதைத் தவறுதலாக வெட்டிவிட்டால் பித்தம் வயிற்றுக்குள் கசியும், அல்லது வெளியேற வழியின்றிக் கல்லீரலில் தேங்கி மஞ்சள் காமாலையை உண்டாக்கும். சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே இழுத்து நாளத்தோடு தைக்கும் பெரிய அறுவை தேவைப்படும். அதன் பின்னும் இணைப்பு சுருங்குதல், மீண்டும் மீண்டும் தொற்று என்று தொல்லைகள் ஆண்டுக்கணக்கில் தொடரலாம். சிலருக்குக் கல்லீரல் மாற்று வரை செல்லும். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று வந்த நோயாளிக்கு இது நேர்ந்தது.

1991இல் அமெரிக்காவின் தென்மாநில அறுவை மருத்துவர் குழுவொன்று 1,518 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டது. மொத்தத்தில் 0.5 சதவீதத்தினருக்குப் பித்தநாளக் காயம் ஏற்பட்டிருந்தது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. ஒவ்வொரு மருத்துவரும் செய்த முதல் 13 அறுவைகளில் காய விகிதம் 2.2 சதவீதம், அதற்குப் பிந்தையவற்றில் 0.1 சதவீதம். 1995இல் மூரும் பென்னட்டும் 55 மருத்துவர்களின் 8,839 அறுவைகளை ஆராய்ந்தார்கள். காயங்களில் 90 சதவீதம் அந்தந்த மருத்துவரின் முதல் 30 அறுவைகளுக்குள் நிகழ்ந்திருந்தன. முதல் அறுவையில் காயம் நேரும் வாய்ப்பு 1.7 சதவீதம் என்றும் 50ஆவது அறுவையில் 0.17 சதவீதம் என்றும் அவர்கள் கணித்தார்கள்.

'கற்றல் வளைவு' என்ற சொல் மருத்துவ இதழ்களில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது இக்காலத்தில்தான். சொல் மென்மையானது. மருத்துவர் அந்த வளைவில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு நோயாளி படுத்திருக்கிறார் என்பதை அது மறைத்துவிடுகிறது.

1992 ஜூனில் நியூயார்க் மாநில நலவாழ்வுத் துறை தலையிட்டது. மேற்பார்வையில் குறைந்தது 15 அறுவைகளைச் செய்த பின்னரே ஒருவர் தனித்து இதைச் செய்ய அனுமதிக்கப்பட வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. அறுவை மருத்துவர்கள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்வது வழக்கமாக இருந்த ஒரு துறையில் அரசு எண்ணிக்கை விதித்தது அரிதான நிகழ்வு. ஆனால் மேற்பார்வை செய்ய யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்த அறிவுறுத்தலில் விடை இல்லை. ஒரு நகரில் இருவர் மட்டுமே இம்முறையை அறிந்திருந்தால், தொழில் போட்டியாளருக்குக் கற்றுக்கொடுக்க அவர்கள் முன்வர வேண்டும்.

கையும் கண்ணும்

அனுபவம் மிக்க அறுவை மருத்துவர்களும் ஏன் தடுமாறினார்கள் என்பதற்குக் கருவியின் இயல்பிலேயே விடை இருக்கிறது. நீண்ட கருவி வயிற்றுச் சுவரில் உள்ள துளையை அச்சாகக் கொண்டு அசைகிறது. படகின் துடுப்பைப் போல, கையை இடப்பக்கம் தள்ளினால் முனை வலப்பக்கம் போகிறது. திரையில் ஆழம் தெரிவதில்லை. திசு மென்மையா கடினமா என்று விரல் நுனி சொல்லிவந்த செய்தி அற்றுப்போகிறது. மணிக்கட்டு எளிதாகச் செய்யும் திருப்பங்களைக் கருவி செய்வதில்லை. மருத்துவர் பார்ப்பது ஒரு திசை, கை வேலை செய்வது வேறு திசை. இருபது ஆண்டு அனுபவம் இங்கே பாதியளவே உதவியது. சில வேளைகளில் பழைய பழக்கமே குறுக்கே நின்றது.

ஒளிப்படக் கருவி கற்பித்தலுக்கு உதவியது என்று மேலே சொல்லப்பட்டது. அதுவே இன்னொரு கதவை மூடியது. திறந்த அறுவையில் ஆசிரியர் மேசையின் எதிர்ப்பக்கம் நிற்பார். மாணவர் வெட்டப்போகும் இடத்தை விரலால் விரித்துக் காட்டுவார். கை தவறான இடத்துக்குப் போனால் பிடித்து நிறுத்துவார். மாணவர் கத்தியைப் பிடித்திருந்தாலும் அறுவையை நடத்துவது ஆசிரியரின் கைதான். லேப்ராஸ்கோப்பியில் கருவியை ஒருவர் கொடுத்து விலகினால்தான் மற்றவர் வேலை செய்ய முடியும். ஆசிரியரிடம் மிஞ்சுவது நோக்குக்குழாயும் வாய்ச்சொல்லும் மட்டுமே. 'கொஞ்சம் மேலே', 'அங்கே இல்லை, இடப்பக்கம்' என்று சொல்லிச் செய்ய வைப்பதற்குள் திசு கிழிந்துவிடலாம். ஆகவே பல ஆசிரியர்கள் கருவியைக் கொடுக்கவே தயங்கினார்கள். மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் குழாயைப் பிடித்து நின்றார்கள்.

2003இல் லாரன்ஸ் வேயும் உடன் ஆய்வாளர்களும் 252 பித்தநாளக் காயங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை வேறொரு கோணத்தைக் காட்டியது. அவற்றில் 97 சதவீதத்தில் மூலகாரணம் கண்ணின் மயக்கம்; கைத்திறன் குறைபாடு சார்ந்தவை மிகச் சிலவே. பித்தப்பையை மேல்நோக்கிப் பிடித்து இழுக்கும்போது சிறு நாளமும் பொதுப் பித்தநாளமும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகின்றன. தாம் காண்பது சிறு நாளமே என்று மருத்துவர் உறுதியாக நம்பி வெட்டுகிறார். நம்பிக்கை உறுதியாக இருப்பதால் அறுவை முடிந்த பின்னும் பிழை நடந்தது பலருக்குத் தெரிவதில்லை. இயல்பாக முடிந்தது என்றே குறிப்பில் எழுதுகிறார்கள்.

இதைத் தடுக்க ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் ஒரு விதியை வலியுறுத்தியிருந்தார். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் பித்தநாளத்துக்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியில் உள்ள கொழுப்பையும் நாரையும் முழுவதும் நீக்க வேண்டும்; பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலில் இருந்து பிரிக்க வேண்டும்; பித்தப்பைக்குள் நுழைபவை இரண்டே இரண்டு என்று கண்ணால் கண்ட பிறகே எதையும் வெட்ட வேண்டும். கையைப் பழக்கும் வார இறுதி வகுப்பில் இத்தகைய ஐயப்பாட்டைக் கற்பிக்க இடம் இருந்ததில்லை.

நேரம், பணம், விலங்கு

1889இல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் உருவாக்கிய பயிற்சி முறைதான் நூறாண்டுகளாக உலகில் பின்பற்றப்பட்டது. மாணவர் பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே கிடந்து, படிப்படியாகப் பொறுப்பேற்று, நோயாளிகளிடமே கற்பார். 'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி' என்பது அம்முறையைச் சுருக்கிச் சொல்லும் வழக்கு. இதற்குத் தேவைப்படும் நேரமே பின்னர் சுருங்கியது. 2003இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரம் வாரத்துக்கு 80 மணி என வரையறுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி அது 48 மணியானது. களைத்த மருத்துவரிடமிருந்து நோயாளியைக் காக்க வந்த இந்த நல்ல விதிகள், அறுவை அரங்கில் மாணவர் செலவிடும் நேரத்தையும் குறைத்தன.

அரங்கின் ஒவ்வொரு நிமிடமும் மருத்துவமனைக்குச் செலவு. கற்பவர் செய்தால் அறுவை நீளும். பட்டியலில் கடைசியாக உள்ள நோயாளி அன்று திருப்பி அனுப்பப்படுவார். பொறுமையாகக் கற்பிக்கும் ஆசிரியருக்குக் கூடுதல் ஊதியமும் கிடையாது, குறைவாக முடித்ததற்கான விளக்கமும் அவரிடமே கேட்கப்படும்.

விலங்குகளில் பழகும் வழியும் எல்லா நாட்டிலும் திறந்திருக்கவில்லை. பிரிட்டனில் 1876ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், கைத்திறன் பெறுவதற்காக உயிருள்ள விலங்குகளை அறுப்பதைத் தடைசெய்தது. 1986இல் வந்த புதிய சட்டமும் நுண்நோக்கி வழி அறுவைப் பயிற்சிக்கு மட்டுமே விலக்கு அளித்தது. இதனால் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பன்றியில் பழக வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. அத்தகைய வாய்ப்பு நாடுவோருக்குப் பின்னாளில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஜாக் மாரஸ்கோ 1994இல் நிறுவிய பயிற்சி மையம் முக்கியமான இடமாயிற்று.

பெட்டியும் கணினியும்

நோயாளிக்கு வெளியே பழக முடியுமா என்ற கேள்விக்கு செம்மின் பெட்டியே முதல் விடை. மூடிய பெட்டிக்குள் பொருள்களை வைத்து, துளை வழியே கருவிகளைச் செலுத்தி, திரையைப் பார்த்து வேலை செய்வதே பயிற்சி. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு ஃபிரைடும் அவருடைய குழுவினரும் இத்தகைய பயிற்சிகளுக்கு மதிப்பெண் இடும் முறையை வகுத்தார்கள். சிறு ரப்பர் வளையங்களை ஒரு முளையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது, துணியில் வரைந்த வட்டத்தை வெட்டுவது, சுருக்குக் கயிற்றை இடுவது, உள்ளும் வெளியும் முடிச்சிடுவது என ஐந்து வேலைகள். பள்ளிக் கைவேலை வகுப்பை நினைவூட்டும் இவையே பின்னர் அமெரிக்காவின் 'லேப்ராஸ்கோப்பி அறுவையின் அடிப்படைகள்' தேர்வாக வளர்ந்தன. 2009-10 கல்வியாண்டு முதல் அதில் தேர்ச்சி பெற்றவரே பொது அறுவை மருத்துவச் சான்றுக்குத் தகுதி பெற முடியும் என்று அமெரிக்க அறுவை மருத்துவ வாரியம் விதித்தது. முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை நீக்கத்துக்கும் இவ்விதிக்கும் இடையே ஏறக்குறைய கால் நூற்றாண்டு.

பெட்டியில் பழகியது உடலில் உதவுமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களிடம் நடந்த ஆய்வு அதற்கு விடை தந்தது. கணினி வழி மாதிரியில் பழகியவர்கள் பித்தப்பையைக் கல்லீரலில் இருந்து பிரிக்கும் வேலையை மற்றவர்களைவிட 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்கள் ஏறக்குறைய ஆறு மடங்கு பிழை செய்தார்கள். ஆனாலும் கருவி வாங்கி வைத்த பல மருத்துவமனைகளில் அது பூட்டிய அறையில் தூசி படிந்து கிடந்தது. பழகுவதற்கென நேரம் ஒதுக்காமல், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பழகச் சொன்னால் யாரும் பழகமாட்டார்கள்.

வசதி குறைந்த நாடுகளில் இன்னொரு குறை உண்டு: பெட்டி இருந்தாலும் திருத்துவதற்கு ஆள் இல்லை. கனடாவின் டொரண்டோவில் இருந்த ஆசிரியர்கள் இணையக் காணொளி வழியாக போட்ஸ்வானாவின் அறுவை மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர் பார்வையில் பழகியவர்கள் அனைவரும் அத்தேர்வின் செய்முறைப் பகுதியில் தேர்ச்சி பெற்றார்கள். அதே பெட்டியில் தாமாகவே பழகியவர்களில் தேர்ச்சி 38 சதவீதம்.

இங்கிலாந்தின் பெருங்குடல் திட்டம்

பித்தப்பையில் நடந்ததைப் பெருங்குடல் அறுவையில் நடக்கவிடாமல் தடுக்க இங்கிலாந்து முயன்றது. பெருங்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி முறையும் ஏற்கத்தக்கது என்று அந்நாட்டின் சிகிச்சை மதிப்பீட்டு நிறுவனமான நைஸ் 2006இல் பரிந்துரைத்தது. இத்தகைய பரிந்துரை வந்தால் மூன்று மாதங்களுக்குள் நோயாளிகளுக்கு அச்சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. போதிய பயிற்சி பெற்ற மருத்துவர்கள் நாட்டில் இல்லை என்பதால் அவ்விதிக்கு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. மருந்து இருக்கிறது, பணம் இருக்கிறது, செய்யத் தெரிந்த கை இல்லை என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட அரிய தருணம் இது.

அடுத்து வந்த 'லேப்கோ' என்ற தேசியத் திட்டம் ஏற்கெனவே பணியில் இருந்த மூத்த மருத்துவர்களை மாணவர்களாக எடுத்துக்கொண்டது. வகுப்புக்கு வந்து போவதோடு நிறுத்தாமல், ஆசிரியர் அருகில் நிற்க, அவர்கள் தங்கள் நோயாளிகளுக்கே அறுவை செய்தார்கள். முடிவில் வெட்டித் தொகுக்காத முழுக் காணொளிகளை அனுப்ப வேண்டும். செய்தவர் யார் என்று அறியாத மதிப்பீட்டாளர்கள் அவற்றைப் பார்த்து முடிவு சொல்வார்கள். கற்பிப்பவர்களுக்கும் எப்படிக் கற்பிப்பது என்று தனிப் பயிற்சி தரப்பட்டது. நல்ல அறுவை மருத்துவர் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்ற பழைய நம்பிக்கையைக் கைவிட்டது இத்திட்டத்தின் பெரிய மாற்றம் எனலாம்.

இந்தியாவில்

இந்தியாவில் நோக்குக்குழாய் பரவலாக அறிமுகமானது குடும்பக் கட்டுப்பாட்டின் வழியாக. 1970களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் வளரும் நாடுகளின் மகப்பேறு மருத்துவர்களுக்கு லேப்ராஸ்கோப்பிக் கருத்தடைப் பயிற்சி அளித்து, கருவிகளையும் வழங்கியது. கண்ணை வைத்துப் பார்த்து, கருக்குழாய்க்கு வளையம் இட்டுச் சில நிமிடங்களில் முடிக்கும் வேலை அது. அந்த அனுபவம் பொது அறுவைத் துறைக்கு வந்து சேரவில்லை. ஒரே மருத்துவமனையில் மகப்பேறு அரங்கில் நோக்குக்குழாய் நாள்தோறும் பயன்பட, பக்கத்து அரங்கில் பித்தப்பைக்கு விலா எலும்பின் கீழே நீண்ட வெட்டு போடப்பட்டது. கீலில் செம் சந்தித்த துறைச் சுவர் இங்கேயும் இருந்தது.

மும்பையின் டெஹம்டன் உத்வாடியா 1972 முதலே நோய் கண்டறிய லேப்ராஸ்கோப்பியைப் பயன்படுத்திவந்தார். 1990இல் ஜே.ஜே. அரசு மருத்துவமனையில் நாட்டின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை நீக்கத்தைச் செய்தார். ஏழை நாட்டுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்ற எதிர்ப்பை அவர் எதிர்கொண்டார். தினக்கூலி வாங்குபவருக்குத்தான் விரைவாக வேலைக்குத் திரும்புவது தேவை என்பது அவர் தரப்பின் வாதம். கோயம்புத்தூரில் சி. பழனிவேலு 1990களின் தொடக்கத்தில் இம்முறையைத் தொடங்கி, உணவுக்குழாய், கணையம் போன்ற கடினமான உறுப்புகளுக்கும் விரிவாக்கினார். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து உணவுக்குழாய்ப் புற்றை நீக்கும் முறையில் 130 பேரின் விவரங்களை அவருடைய குழு 2006இல் வெளியிட்டது. வெளிநாட்டு மருத்துவர்களும் பார்த்துக் கற்கும் இடமாக அந்நகரம் மாறியது.

இந்திய உள்நோக்கு அறுவை மருத்துவர் சங்கம் 1993இல் தொடங்கப்பட்டது. தேசியத் தேர்வு வாரியம் இத்துறைக்கென முதுநிலைப் பட்டத்துக்குப் பிந்தைய படிப்பையும் நடத்துகிறது. என்றாலும் மூன்றாண்டு எம்.எஸ். படிப்பில் ஒரு மாணவருக்கு எவ்வளவு வாய்ப்பு கிடைக்கும் என்பது அவர் சேர்ந்த கல்லூரியைப் பொறுத்தது. அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே ஒரு திரை, பழுதானால் மாதக்கணக்கில் காத்திருப்பு, நீண்ட அறுவைப் பட்டியல். தனியார் மருத்துவமனையில் கருவிகள் உண்டு. பணம் கட்டிய நோயாளி மூத்த மருத்துவரின் கையை எதிர்பார்த்து வருவதால் மாணவருக்குக் குழாய் பிடிக்கும் வேலையே கிடைக்கும். இடைவெளியை நிரப்பச் சில நாள் கட்டண வகுப்புகள் இங்கும் வளர்ந்துள்ளன. அட்டைப்பெட்டியில் துளையிட்டு, கைப்பேசியை ஒளிப்படக் கருவியாக வைத்து விடுதி அறையில் முடிச்சிடப் பழகும் மாணவர்களும் உண்டு.

கிராமப்புறங்களில் தடை வேறு வகையானது. கரியமில வாயு உருளை, முழு மயக்கம் தரும் வல்லுநர், தடையற்ற மின்சாரம் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். வடகிழக்கு மாநிலங்களில் பணியாற்றும் சில அறுவை மருத்துவர்கள் வாயுவையே விட்டுவிட்டு, வயிற்றுச் சுவரை ஒரு வளைந்த கம்பியால் மேலே தூக்கி நிறுத்தி, முதுகுத்தண்டு ஊசி மயக்கத்திலேயே அறுவை செய்யும் முறையைப் பயன்படுத்தி, மற்றவர்களுக்கும் கற்பித்துவருகின்றனர். வாயு கசியும் கவலை இல்லாததால் சாதாரண அறுவைக் கருவிகளையே துளை வழியே செலுத்த முடிகிறது. பழகிய கருவி என்பதால் கற்பதும் எளிதாகிறது.

தலைகீழான தடை

1990இல் திறந்த அறுவையை நன்கறிந்தவர்கள் துளை வழி அறுவையைக் கற்கத் திணறினார்கள். இன்றைய பயிற்சி மருத்துவரின் நிலை அதற்கு எதிர்மாறு. அவர் படிக்கும் காலத்தில் எளிய பித்தப்பைகள் அனைத்தும் லேப்ராஸ்கோப்பியிலேயே முடிந்துவிடுகின்றன. திறந்து செய்யப்படுபவை கடுமையான அழற்சி, முந்தைய அறுவையின் ஒட்டுகள், கட்டுப்படாத இரத்தக் கசிவு போன்ற சிக்கல்கள் உள்ளவை மட்டுமே. அவற்றை மூத்தவர்களே செய்கிறார்கள். பாதியில் துளை முறையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க நேரும்போது, திறந்த அறுவையை மிகக் குறைவாகச் செய்துள்ள மருத்துவர், அதன் மிகக் கடினமான வடிவத்தைச் செய்ய வேண்டியவராகிறார். அதைக் கற்பிக்கக்கூடிய தலைமுறை ஓய்வு பெற்றுவருகிறது. ஒரு காலத்தில் லேப்ராஸ்கோப்பியைக் கற்பிக்கத் தொடங்கப்பட்ட பயிற்சிக்கூடங்களில் சில, இப்போது திறந்த பித்தப்பை அறுவையைப் பதப்படுத்திய உடல்களில் கற்பிக்கின்றன.